லேசா ஒரு சத்தம்

கிராவர்ஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு மதியச் சாப்பாட்டின்போது. எனக்கு அப்போது பதினாறு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரண்டு வருஷம் ஒரு பண்ணையில் பால் கறந்துவிட்டு, என் அக்கா கிர்ஸ்டினேவுக்கு ஒத்தாசையாக வந்திருந்தேன். அவளுக்கு மூத்த பிள்ளை பிறந்திருந்த சமயம். அக்கா புருஷன் வில்லாத்ஸ், ஹால்பியர் என்கிற ஊரில் சிவப்பு டிராக்டர் விற்கிறவர். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரே ஒரு கதவு. கிரீஸ் வாசம் அந்தக் கதவு வழியாகச் சமையலறை வரைக்கும் வரும். அக்கா அதற்காகச் சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்திருந்தாள்.

சூப்பை ஊற்றி வைத்தேன். போன் மணி அடித்தது. வில்லாத்ஸ் எழுந்துபோய் எடுத்து "ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ம்". போனை வைத்துவிட்டு, கடைவாசலில் ரொட்டி தின்றுகொண்டிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"ஓர்லா, வண்டிய எடு. ஜாக்கி ரெண்டையும் தூக்கிப் போடு. கிராவர்ஸ் பேசினான். லேசா ஏதோ சத்தம் கேக்குதாம்."

லேசான சத்தத்துக்கா சூப்பை விட்டுவிட்டு ஓடுகிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தாக்னி, கிராவர்ஸ் வாயத் தொறந்து லேசான்னு சொன்னா, பாதி டிராக்டர் தரையில கெடக்குன்னு அர்த்தம்."

இருட்டிய பிறகுதான் இருவரும் திரும்பி வந்தார்கள். பின் அச்சு முறிந்து, சக்கரம் ஒன்று கழன்று வாய்க்காலுக்குள் உருண்டுபோயிருந்ததாம். கிராவர்ஸ் பக்கத்தில் நின்று பைப்பில் புகை பிடித்துக்கொண்டிருந்தாராம். இவர்கள் போய் இறங்கியதும், சாப்பாட்டு நேரத்தில் தொந்தரவு பண்ணிவிட்டேனோ என்று கேட்டாராம்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான். விளைச்சல் கொட்டினால் மோசமில்லை என்போம். பிள்ளை செத்துப்போனவளிடம் கஷ்டமாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வாசலில் ஒரு கூடை முட்டையை வைத்துவிட்டு வந்துவிடுவோம். ஆனால் கிராவர்ஸ் வீட்டார் எங்களுக்கே ஒரு படி மேலே. ஊரும் நாடும் பேசுகிற பேச்சை அவர்கள் ஆறில் ஒரு பங்காக வற்றவைத்துத்தான் வெளியே விடுவார்கள்.

கிராவர்ஸின் அப்பா லாவுஸ்ட். லாவுஸ்டின் அம்மாவும் என் அப்பாவின் பெரியம்மாவும் ஒன்றுவிட்ட சகோதரிகள். அதனால் எங்களுக்கு இழவுக்குப் போகிற அளவுக்கு உறவு, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற அளவுக்கு இல்லை. அம்மா மாரென் மீன்பிடிக்கிற குடும்பம். அவள் அண்ணன்கள் மூன்று பேரில் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனது. கிராவர்ஸுக்கு எலீசே என்று ஒரே ஒரு அக்கா. கனடாக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள், மாரென் சாவுக்குக்கூட வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும். கடல் உள்ளே புகுந்து கிடக்கிற ஃபியோர்டின் கரையணைக்கு முன்னால் இருக்கும் கடைசி வீடு அவர்களுடையது. அதைத் தாண்டினால் நாணலும் காற்றும்தான்.

கிராவர்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக்கு ஃபூன் தீவிலிருந்து சிக்னே என்று ஒரு டீச்சர் வந்திருந்தாள். குளிர்காலம் முழுக்க ஊர் மண்டபத்து நடனத்தில் கிராவர்ஸ் அவளோடு மட்டும்தான் ஆடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டைக் காட்டக் கூட்டிப்போய், அடுப்படி, தொழுவம், மாடி எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் வாசல் கேட்டில் கையை வைத்தபடி, "இங்க ரெண்டு பேர் இருந்தாலும் இடம் பத்தும்" என்றாராம். ஆமாம், பெரிய வீடுதான் என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். பிறகு ஸ்கீவேயில் ஒரு மாட்டு வைத்தியரைக் கட்டிக்கொண்டாள். பல வருஷம் கழித்து மாரென் அடக்கத்துக்கு வந்தபோது என் அக்காதான் பேச்சுவாக்கில் அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். சிக்னே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அது பெண் கேட்டது என்று யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாது என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஓர்லாவைக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, கடையில் உதிரிபாகக் கவுண்டரில் நின்றேன். அப்போதுதான் கிராவர்ஸை எனக்கு நன்றாகத் தெரிய வந்தது, நன்றாக என்று சொல்கிற அளவுக்கு அவரை ஒருவருக்குத் தெரிய முடியுமென்றால்.

சனிக்கிழமை காலை அவர் வருவார். வருவதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒரு போல்ட், ஒரு நட்டு, எண்ணெய் ஃபில்டர். போன வாரம் வாங்கிய அதே ஃபில்டராகக்கூட இருக்கும். அதை எடுத்து கவுண்டரில் வைத்ததும், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வில்லாத்ஸ் உள்ளேயிருந்து காப்பிப் பானையோடு வருவார். அக்கா ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவி, பாலாடைக்கட்டியை மேலே வைத்து அனுப்புவாள். குளிராக இருந்தால் கசப்பு மதுவும் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். கிராவர்ஸ் ஜன்னலோரத்து ஸ்டூலில் உட்காருவார். அடுத்தடுத்து ஆட்கள் வருவார்கள், பேசுவார்கள், கேலி செய்வார்கள், பன்றி விலையைத் திட்டுவார்கள். போட்டிக் கம்பெனியின் பச்சை டிராக்டர் வைத்திருக்கும் போவுல் வந்தால், தவளை வந்திருக்கு, கதவை மூடு, குளத்துத் தண்ணி உள்ளே வரும் என்று யாராவது சொல்வார்கள். கிராவர்ஸ் சிரிப்பார். பத்துப் பதினொரு மணிக்கு எழுந்து, "சரி, இங்கயே உக்காந்திருந்தா ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மாரென் போன பிறகு வாரத்தில் அவர் மனிதரோடு பேசுவது அந்தச் சனிக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் ரேடியோ. இதை அவர் சொல்லி எனக்குத் தெரியாது. திங்கள்கிழமை ஏதாவது விசாரிக்க போன் போட்டால், முதல் வார்த்தை அவருக்குத் தொண்டையில் துருப்பிடித்த மாதிரிதான் வரும்.

வில்லாத்ஸ் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். கணக்கு சுத்தமாக இருக்காது, சாமானை வைத்த இடம் மறந்துபோகும். ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்கு வாரண்டி முடியப் போகிறதோ அவர் வீட்டுக்கு அதற்கு முன்னால் ஒருநாள் தானே போவார். வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தது போலத்தான் காட்டிக்கொள்வார். டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பி, வயலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். வரும்போது, "இத நான் கொண்டுபோறேன்" என்பார். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கம்பெனிக்காரன் வாரண்டி தர மாட்டேன் என்று இழுத்தால் போனில் அவனிடம் கத்தித் தீர்ப்பார். எங்கள் ஊர்ப் பேச்சுக்குக் கொஞ்சமும் பொருந்தாத கத்தல். அக்கா எழுந்து நடுக்கதவைச் சாத்துவாள். ஊரில் ஒருவரும் சத்தம் போட மாட்டார்கள், அத்தனை பேருக்கும் சேர்த்து வில்லாத்ஸ் ஒருவரே போட்டுவிடுவார்.

வில்லாத்ஸுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் ஓர்ஹுஸில் பல் டாக்டர். இளையவன் கோபன்ஹேகனில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறான். இரண்டு பேருக்கும் கிரீஸ் வாசம் ஆகாது, அக்காவைப் போல. எழுபதைத் தாண்டியதும் வில்லாத்ஸ் கடையைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றார். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிறவர்கள். அந்த வசந்தகாலத்தில் கிராவர்ஸ் ஒரு புது டிராக்டர் வாங்கினார். அவருடைய பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று வில்லாத்ஸ் கேட்டதற்கு, "ஒண்ணு எடுத்துக்கலாம்னு பாத்தேன்" என்றார். வில்லாத்ஸின் கடைசி விற்பனை தனக்குப் போகவேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். வில்லாத்ஸுக்கு அது புரிந்தது. கைகுலுக்கிவிட்டுக் கையை விடாமல், வாரண்டி இரண்டு வருஷம் இருக்கிறது, நான் இல்லாவிட்டாலும் அது இருக்கும் என்று சொன்னார். அடுத்த குளிர்காலத்தில் வில்லாத்ஸ் நெஞ்சுவலியில் போய்விட்டார். என் ஓர்லா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டிருந்தார். நானும் கடையோடு வேலையை விட்டேன்.

கம்பெனி ஹால்பியர் கடையைப் பூட்டிவிட்டு, ஹோல்ஸ்டெப்ரோ போகிற பெரிய ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று கட்டியது. வாசலில் ஒரு மெஷினில் நம்பர் சீட்டு எடுக்க வேண்டும். காப்பிக்கும் மெஷின், நின்றபடி குடிக்க உயரமான மேஜை. சனிக்கிழமை லீவு. முதல் சனிக்கிழமை கிராவர்ஸ் அங்கே போயிருக்கிறார். மூடிய கண்ணாடிக் கதவுக்கு முன்னால், கார் எஞ்சினை அணைக்காமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். ரோட்டில் போன போவுல் பெண்டாட்டி பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

புது டிராக்டரில் சத்தம் வந்தது இரண்டாவது இலையுதிர்காலத்தில். மூன்றாவது கியரில்.

கிராவர்ஸ் போன் போட்டார். போன் அந்த ஹோல்ஸ்டெப்ரோ கட்டடத்துக்குப் போகாது. கிழக்கே ஷீலாந்துத் தீவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்குப் போகும். அவள் நன்றாகப் பேசினாளாம். வண்டி ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றார். அவசரமா என்று கேட்டாள். இல்லை, அவசரம் என்று சொல்ல முடியாது, லேசா ஏதோ கேட்கிறது என்றார். அப்படியானால் வருஷ சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய நாளாக இருந்தால் ஓர்லா வண்டியை எடுத்திருப்பார்.

சர்வீஸுக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார். அங்கே தோபியாஸ் என்று இளவயது மேனேஜர், அவனும் அந்தத் தீவுப் பக்கத்து ரொஸ்கில்தேக்காரன். மூன்றாவது கியரில் ஒன்று இருக்குமோ என்று நினைத்ததாக கிராவர்ஸ் அவனிடம் சொன்னார். ரொம்பத் தொந்தரவாக இருக்கிறதா என்று தோபியாஸ் கேட்டான். "பழகிக்கலாம்" என்றார் கிராவர்ஸ். எண்ணெய் மாற்றிக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள்.

சில நாளில் இன்னொரு பெண் போன் போட்டாள். எங்கள் சர்வீஸுக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டாள். கிராவர்ஸ் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு ஆறு என்றார். அதற்குக் கீழே சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேலையில் ஏதாவது ஆகுமோ என்று நினைத்தாராம். ஆறு என்பதே அவர் வாயில் பெரிய வசவு. ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றும் அவள் கேட்டிருக்கிறாள். சத்தம் இன்னும் இருக்கிறது, ஆனால் மற்றவர்களுக்கு இதைவிட மோசமாக இருக்கும் என்றார்.

வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில், வசந்தத்தில் சாணக் கரைசல் தெளித்துக்கொண்டிருந்தபோது கியர்பாக்ஸ் போயிற்று. நடுவயலில் நின்றுவிட்டது, பின்னால் நிறைந்த டேங்கோடு. லாரி வந்து இழுத்துப் போயிற்று. மறுநாள் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது: வாரண்டி முடிந்துவிட்டது, வாரண்டி காலத்தில் கியர்பாக்ஸ் பற்றி எந்தப் புகாரும் இல்லை, முழுச் செலவும் உங்களுடையது.

அந்தச் சனிக்கிழமை கிராவர்ஸ் என் வீட்டு வாசலில் நின்றார். அதற்கு முன்னால் அவர் என் வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஓர்லா சாவுக்கு வந்தபோதுகூட வாசலோடு நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனவர். உள்ளே வந்து உட்கார்ந்து, காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு சொன்னார்:

"திங்கக்கிழமை உனக்கு ஹோல்ஸ்டெப்ரோல ஏதாவது வேலை இருந்தாலும் இருக்கும்."

எனக்கு ஒரு வேலையும் இல்லை. "நூல் வாங்கணும்" என்றேன்.

காரில் போகும்போது, வழியில் பாதியில்தான் விஷயத்துக்கு வந்தார். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் சொன்னேன்னு அவங்க ஒத்துக்கிட்டாப் போதும்" என்றார். அதோடு சரி. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு கடையில் அவர் எது சொன்னாலும் காதில் வாங்கினார்கள். இப்போது அவர் சொல்லவே இல்லை என்கிறார்கள். பொய்யன் என்று நேரே சொல்லியிருந்தாலாவது அவர் தாங்கியிருப்பார்.

நம்பர் சீட்டு எடுத்து நின்றோம். தோபியாஸ் வந்தான். நல்ல பையன்தான், பொய் சொல்கிற முகம் இல்லை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உட்கார இடம் தேடினான். ஒரு பெஞ்சும் கிடைக்காததால் எல்லோரும் நின்றோம்.

"கியர் விஷயம் நான் சொன்னேன்" என்றார் கிராவர்ஸ்.

"சொன்னீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான் தோபியாஸ். "மூணாவது கியர்ல என்னமோ இருக்கலாம்னீங்க. பழகிக்கலாம்னும் நீங்கதான் சொன்னீங்க. போன்லயும் அவசரமில்லன்னு சொல்லியிருக்கீங்க. அத வச்சு நான் கம்பெனிகிட்ட எப்படிக் கேக்க முடியும்? அது புகார் இல்லையே."

நான் குறுக்கே புகுந்தேன். "புகார்னா எப்படிச் சொல்லணும்ங்குற?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "இது சரியில்ல, சரி பண்ணிக் குடுங்க அப்படின்னு. கொஞ்சம் கோவமா."

"அவர் கோவமாத்தான்பா சொன்னாரு" என்றேன். "எங்க ஊர்ல இதுக்கு மேல கோவம் கெடையாது. ஆறுன்னு மார்க் போட்டாரே, அப்பவே நீ வண்டி எடுத்துட்டு வந்திருக்கணும்."

தோபியாஸ் சிரித்தான். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். கம்பெனியிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னான். புகார் இல்லாவிட்டாலும், நல்லெண்ணத்துக்காகப் பாதிச் செலவை ஏற்றுக்கொள்வார்கள், அதுவரைக்கும் தன்னால் முடியும் என்றான். பேசும்போது "புகார் இல்லாவிட்டாலும்" என்பதை இரண்டு தடவை சொன்னான்.

கிராவர்ஸ் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கவுண்டர், அதன்மேல் ஒன்றுமே இல்லை.

"பாதி வேண்டாம்" என்றார். பிறகு, "எனக்கு இது அவ்வளவா பிடிக்கல" என்றார்.

லாவுஸ்ட் வீட்டார் யாரும் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தோபியாஸுக்கு அது இன்னொரு சின்ன வருத்தமாகத்தான் காதில் விழுந்திருக்கும். சரி, யோசித்துச் சொல்லுங்கள் என்றான். பழைய வாடிக்கையாளருக்கு என்று, அலமாரியிலிருந்து கம்பெனி பேர் போட்ட சிவப்புத் தொப்பி ஒன்றை எடுத்து நீட்டினான். கிராவர்ஸ் வாங்கினார். கொடுத்ததை வாங்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. கதவுப் பக்கம் போனதும், அந்தக் காப்பி மெஷின் மேல் அதை வைத்துவிட்டார்.

நூல் வாங்க மறந்துபோனோம் என்பது ஊருக்குள் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடி, "சனிக்கிழமைய நீ எப்படி ஓட்டுற?" என்று கேட்டார். அவர் என்னிடம் என்னைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அது.

"துணி தோய்க்கிறேன்" என்றேன்.

"ம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காப்பிக்கு வரச் சொன்னேன். வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார். ரொட்டி வெட்டி வைத்தேன், பாலாடைக்கட்டி வைத்தேன். ஆனால் என் வீட்டில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கையில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஒரு போல்ட் இல்லை. ஒரு வேலையும் இல்லாமல் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜைவிரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் வரவில்லை. போன் போட்டபோது, வெளியே கொஞ்சம் வேலை இருக்கிறது என்றார்.

சிவப்பு டிராக்டரை அவர் சரி பண்ணவே இல்லை. இழுத்துப்போன கம்பெனியிலேயே, இருந்த நிலையில் விட்டுவிட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டு முற்றத்தில் பச்சை டிராக்டர் ஒன்று நின்றது. பழையது, யாரிடமோ வாங்கியது. அவர் வீட்டில் டிராக்டரை எப்போதும் கொட்டகைக்குள்தான் விடுவார்கள். லாவுஸ்ட் காலத்திலிருந்தே அப்படி. இதை முற்றத்தில், மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற அத்தனை கார்களும் அந்த வழியாகத்தான் போகும். ஒவ்வொரு காரும் அங்கே வந்ததும் மெதுவாகியது. சர்ச் வாசலில் அன்றைக்கு அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. போவுல்கூடத் தவளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாதிரியார் கையைக் குலுக்கிவிட்டு எல்லோரும் சாவு வீட்டிலிருந்து போகிற மாதிரி கலைந்து போனார்கள்.

மேற்குக் காற்றில் பச்சைப் பெயின்ட் வெளுத்தது. ஆனால் டிராக்டர் அங்கேயேதான் நின்றது.

இலையுதிர்காலத்தில் என் சின்னம்மா பேரன் ஒருவன் புது டிராக்டர் வாங்கினான், பச்சை. தெற்குப் பக்கத்து இரட்டைச் சகோதரர்கள் இரண்டு பேரும் மாறினார்கள். ஏன் என்று கேட்டால் விலை என்பார்கள், வசதி என்பார்கள். கிராவர்ஸ் பெயரை யாரும் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பி, என்ன குறை என்று வீடு வீடாக விசாரித்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லா வீட்டிலும் பதில் கிடைத்தது. கிராவர்ஸ் வீட்டுக்கும் தோபியாஸே வந்தான். அவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஏன் எங்களை விட்டுப் போனீர்கள் என்று கேட்டதற்கு, "அப்படியே ஆயிருச்சு" என்றார். நீங்கள் ஊருக்குப் புதிது, போகிற வழியில் வாய்க்கால் பக்கம் மண் இளக்கமாக இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். சில வருஷத்தில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தையும் மூடினார்கள். சின்னப் பண்ணைகள் குறைந்துபோனதுதான் காரணம் என்று கம்பெனி பெரியவர் யாரோ செய்தித்தாளில் சொல்லியிருந்தார். அதுவும் பொய்யில்லை.

பச்சை டிராக்டர்க்காரர்கள் அவரை நன்றாகத்தான் நடத்தினார்கள். அவர்கள் கடை இன்னும் தூரம்; ஆனால் சனிக்கிழமை திறந்திருக்கும், காப்பியும் உண்டு. ஒருநாள் என் பேரனோடு போனபோது நான் அவரை அங்கே பார்த்தேன். கோட்டைக் கழற்றாமல், ஜன்னல் பக்கம் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே காலி நாற்காலி ஒன்று கிடந்தது. அங்கே வேலை செய்யும் பையன் உட்காருங்கள் கிராவர்ஸ் என்றான். "இருக்கட்டும், நின்னே குடிச்சிடுறேன்" என்றார். ஃபில்டர் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். அக்கா அதற்கு முந்தின மாதம் இறந்துபோயிருந்தாள். யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவர் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கடையில் அவர் ஏன் அப்படி நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கிர்ஸ்டினேவையும் அங்கே யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் அங்கேயும் போவது குறைந்துவிட்டது. ஃபில்டர் தீர்ந்தால் போவார், அவ்வளவுதான்.

எண்பது தாண்டியதும் நிலத்தைப் போவுல் மகனுக்குக் குத்தகைக்கு விட்டார். டிராக்டரை ஒரு போலந்துக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அவர் அக்கா எலீசே கனடாவில் இறந்துபோன செய்தி அட்டையில் வந்தது. போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த பிறகு வீட்டுக்குத் திரும்பவில்லை. கிராவர்ஸ் இப்போது லெம்விக்கில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், கீழ்த்தளத்தில், பின்பக்கத்து அறை. அதன் ஜன்னலிலிருந்து ரோடு தெரியாது.